தட்டோடா, கூலிங் டைலா, வெள்ளைப் பெயின்டா, தகரமா? ஒழுகும் தட்டட்டிக்கு எது சரி

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பாளையங்கோட்டையில் அந்த அளவு இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது போதும் போதுமென்று ஆகிவிட்டது. இரண்டாம் நாள் விடியும்போது ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மழை விட்டதும் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறிப் பார்த்தால், கொக்கிக்கு நேர் மேலே ஓடு முழுசாக இருக்கிறது. கீறல் இருந்ததோ பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவர் ஓரத்தில். ஓட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் தளத்தின் மேலேயே ஊர்ந்து வந்து, தனக்குத் தோதான இடத்தில் கீழே இறங்கியிருக்கிறது.

அப்புறம் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பழையபடி தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு), வெள்ளை கூலிங் டைல், வாட்டர் ப்ரூஃப் பெயின்ட், எல்லாவற்றையும் மூடித் தகரக் கொட்டகை என்று நான்கு வழி. நான்கையும் போட்ட வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

தட்டோட்டிலிருந்து தொடங்கலாம், எங்கள் வீட்டில் இருப்பது அதுதான். ஓடு என்பது மேல் தோல் மட்டுமே. உண்மையான வேலை அதன் அடியில் இருக்கிறது. செங்கல் ஜல்லியை நீற்றிய சுண்ணாம்பில் குழைத்து, தோராயமாக இரண்டரைப் பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கில், மூன்று நான்கு இஞ்ச் கனத்துக்குப் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை உள்ளே பதியாமல் எகிற ஆரம்பித்தால்தான் தளம் இறுகியது என்று அர்த்தம். அதன் மேல் ஓட்டைப் பதித்து, இடுக்குகளைப் பூசி முடிப்பார்கள்.

சுண்ணாம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மயிரிழை போன்ற வெடிப்பு விட்டால், உள்ளே போகும் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, அதே வெடிப்பில் காற்றுபட்டு மறுபடி கல்லாக்கிவிடும். சிமென்ட் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. விறைத்து நின்று, வெடித்தால் வெடித்ததுதான். தளத்துக்குள் தங்கிய ஈரத்தையும் சுண்ணாம்பு வெயில் நாளில் மெல்ல வெளியே விடும். நாலு இஞ்ச் கனம் என்பதால் சித்திரை வெயில் அறைக்குள் இறங்கவும் நேரம் பிடிக்கும். ஆனால் ஏறிய சூடு இறங்கவும் நேரம் பிடிக்குமே! இரவு பத்து மணிக்கும் கூரை அனல் விடுவது நெல்லைக்காரர்களுக்குத் தெரியாத விஷயமா?

குறைகள் இரண்டு. ஒன்று, கனம். நாலு இஞ்ச் போட்டால் சதுர அடிக்குப் பதினேழு பதினெட்டுக் கிலோ வரும். ஆயிரம் சதுர அடி மாடியில் பதினேழு டன்னுக்கு மேல். புது வீட்டில் அதற்கேற்பக் கம்பி கட்டலாம். பழைய தளத்தின் மேல் இன்னொரு அடுக்குப் போட நினைத்தால் இன்ஜினியரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இன்னொன்று, ஆள். கட்டை அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்று பலர் சுண்ணாம்பைத் தொடாமல் ஜல்லியில் சிமென்டைக் கலந்து, ஒரே நாளில் பரப்பிவிட்டு, அதற்கும் தட்டோடு என்றே பில் போடுகிறார்கள். மேலே தெரியும் ஓடு ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு சரக்கு.

கூலிங் டைலின் பெரிய பலம் வெள்ளை நிறம். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பங்குனி மதியம் தட்டோட்டில் வைக்க முடியாத வெறுங்காலை இதில் வைக்கலாம். படுக்கைக் கலவையோடு சேர்த்தாலும் தட்டோட்டுத் தளத்தில் பாதி கனம்கூட வராது. வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் டைல் தண்ணீர் விடாது என்று சொல்வது பாதி உண்மைதான். டைல் விடாது, இடுக்கு விடும். நூற்றுக்கணக்கான டைலுக்கு நடுவே ஓடும் இடுக்குகளில் வெறும் வெள்ளை சிமென்டைத் தேய்த்துவிட்டுப் போனால் இரண்டு கோடையில் மயிரிழை விட்டுவிடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. டைலைத் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கிறதா, அடியில் பொள்ளல் என்று வையுங்கள். டைலுக்கு அடியில் தளத்துக்குத் தனியாக வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடித்து, இடுக்குக்கு எபாக்சி என்னும் பிசின் கலவை போட்டால் இது நல்ல தேர்வு. அப்படிச் செய்தால் செலவு கூடும், அதனால்தான் கோட்டேஷனில் அந்த வரியைக் காணோம். இன்னொரு விஷயம், ஈரத்தில் வழுக்கும். வத்தலை அள்ள அவசரமாக ஏறிய என் மைனி விழுந்து, கையில் ஒரு மாதம் கட்டோடு இருந்தார்.

வெள்ளைப் பெயின்ட்தான் மலிவு. டப்பாவில் இருக்கும் வாக்குறுதிகளும் அதிகம். சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை; புதிதாக அடித்த வருடம் ஃபேன் காற்றிலேயே வித்தியாசம் தெரியும். தூசியும் பாசியும் படியப் படிய அது மங்கிவிடும். ஒழுக்கை நிறுத்துமா? உலர்ந்த, வெடிப்பு அடைத்த தளத்தில் அடித்தால் சில வருடம் நிறுத்தும். ஈரம் குடித்த பழைய தட்டோட்டின் மேல் அடித்தால், வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, பெயின்டை அப்பளம் போலத் தூக்கிவிடும். ஒரு ஆவணியில் அவசரமாக அடித்து, கார்த்திகையில் சுருள் சுருளாக உரித்தெடுத்தவன் நான். தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் பெயின்ட் நிற்காது. மாசி, பங்குனியில் அடியுங்கள், அதுவும் காலையில். சூட்டு வலிக்கு மட்டும் மருந்து வேண்டுமென்றால், வருடத்துக்கொரு முறை சுண்ணாம்பு அடித்தாலே போதும். மழையில் கரையும், அதனாலென்ன, அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்கலாம்.

தகரக் கொட்டகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழையையும் வெயிலையும் தளத்தில் படவே விடாது என்ற வகையில் நான்கில் இதுதான் வலிமையானது. ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றை நினைத்துப் பாருங்கள். தென்காசிப் பக்கம் அது சாரலோடு வரும், நமக்கு வெறும் காற்றாக வந்து சேரும். நாலு பக்கமும் திறந்த கொட்டகையை அது அடியிலிருந்து தூக்கும். தூணை நிறுத்தத் தட்டோட்டையே துளைத்துத் தளத்தில் போல்ட் இறக்கிய வீட்டில், புது ஒழுக்கு அந்த போல்ட் வழியாகவே தொடங்கியது. கொட்டகைத் தூண்களை வீட்டுத் தூண்களின் மேலே எழுப்ப முடிந்தால் மட்டும் யோசியுங்கள். வத்தல் காயப்போட வெயில் கிடைக்காது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இத்தனையையும் விசாரித்துக்கொண்டு நான் நிற்கையில், தட்டோட்டைப் பார்க்க வந்த கொத்தனார் எதையும் பேசாமல் இரண்டு வாளித் தண்ணீரை மாடி நடுவில் கொட்டினார். பாதித் தண்ணீர் குழாய் வாய்க்குப் போனது. மீதி கைப்பிடிச் சுவர் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. “வாட்டம் செத்துப் போச்சு அண்ணாச்சி. இதுக்கு மேல தங்கத்தைப் பதிச்சாலும் ஒழுகத்தான் செய்யும், பாத்துக்கிடுங்க” என்றார்.

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. பத்தடிக்கு இரண்டு இஞ்ச் இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காது. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கியாக வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு குழாய், அதன் வாயிலும் வேப்பஞ்சருகு. சுவர் ஓரத்தில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று வேறு. நான் வருடா வருடம் கிள்ளியது இலையை. வேர் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

மினசோட்டாவில் இருக்கும் மச்சினன் மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். “மாமா, இங்கேயும் இதே கதைதான், பனியில.” வீட்டுச் சூடு கசிந்து கூரையின் மேல்பாகத்துப் பனி உருகுமாம். அந்தத் தண்ணீர் குளிர்ந்த தாழ்வாரத்துக்கு வந்ததும் உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியின்றி ஓட்டுப் பலகைக்கு அடியில் ஏறிச் சுவருக்குள் இறங்கும். தாழ்வாரத்தில் சூட்டுக் கம்பி பதிக்கலாம், நீளக் கொம்பால் பனியை இழுத்துத் தள்ளலாம். அவன் கடைசியில் செய்தது, வீட்டுக்குள்ளிருந்து பரணுக்குச் சூடு ஏறும் சந்துகளை அடைத்து, பரணில் கனமாகப் பஞ்சுப் போர்வை விரித்தது. கம்பி பனியில் வாய்க்கால் மட்டுமே வெட்டும், அணை கட்டுவதை நிறுத்தாது என்றான்.

நாங்கள் முழுத் தளத்தையும் மாற்றவில்லை. சுவர் ஓரமாக மூன்றடி அகலத்துக்குத் தட்டோட்டைப் பெயர்த்து, அரசம்வேரைத் தோண்டி எடுத்து, சுண்ணாம்பு ஜல்லி போட்டு வாட்டம் எடுத்தோம். சுவரும் தளமும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசினோம். நாலு இஞ்சில் இரண்டாவது குழாய் ஒன்று. கட்டை அடிக்கக் கடையத்துப் பக்கமிருந்து இரண்டு வயதான அம்மாக்கள் வந்தார்கள். வெல்லத் தண்ணீர் வாசத்துக்குத் தெரு எறும்பு மொத்தமும் வந்தது. வேலை காய்ந்த பிறகு குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, ஒரு நாள் முழுக்க இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கூலியைத் தீர்த்தேன். நீங்கள் எதைப் போட்டாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

புதுத் தளம் கட்டுகிறவர் கேட்டால், வாட்டமும் அடிப்பூச்சும் சரியாக வைத்து கூலிங் டைல் போடச் சொல்வேன். நல்ல சுண்ணாம்புக் கொத்தனார் கிடைத்தால் தட்டோடு. பழைய தட்டோட்டை முழுசாகப் பெயர்க்கச் சொல்கிறவரை மட்டும் உடனே நம்ப வேண்டாம்.

முன்னறையில் கொக்கியைச் சுற்றியிருக்கும் பழுப்பு வட்டத்துக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு ஐப்பசி கார்த்திகை போய்விட்டது, கறை கோட்டைத் தாண்டவில்லை.