வக்காக்கோ பிக்கோபிரெஸ்ஸோ: கூடாரத்தில் எஸ்பிரெஸோ போட இது போதுமா?

நல்ல கை கிரைண்டர் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். எந்த விமர்சனத்திலும் கடைசி வரியில் ஒளிந்திருக்கும் இந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வக்காக்கோ கம்பெனி 2021-இல் கொண்டுவந்த பிக்கோபிரெஸ்ஸோ உள்ளங்கைக்குள் அடங்கும் எஸ்பிரெஸோ கருவி. எடை 350 கிராம், உயரம் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் பம்பைக் கையால் அழுத்தினால் அடியில் காபி இறங்கும். தூளைப் போடும் 52 மி.மீ. பாஸ்கெட், 18 கிராம் தூள், 80 மி.லி. தண்ணீர். வந்தபோது விலை 130 டாலர் வாக்கில். தூளைக் கிளறும் ஊசி, அதை அழுத்திச் சமமாக்கும் டாம்பர், புனல், பிரஷ், ஜிப் வைத்த பை எல்லாம் கூடவே வருகின்றன.

18 பார் அழுத்தம் வரை தாங்கும் என்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. எஸ்பிரெஸோவுக்கு 9 பார் போதும், அது கையாலேயே தாராளமாக வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்த்தால், அடுப்பில் வைக்கும் ‘மோக்கா பாட்’ பாத்திரத்தில் கிடைப்பது ஒன்றரை பார் அளவுதான். அதன் காபி நன்றாகவே இருக்கும், ஆனால் அது எஸ்பிரெஸோ ஆகாது. பிக்கோபிரெஸ்ஸோவில் இறங்குவது எஸ்பிரெஸோதான்: கெட்டியாக, தேன் வடிகிற மாதிரி, மேலே கிரீமா என்கிற பழுப்பு நிற நுரையோடு.

அப்படி இறங்க வேண்டுமானால் தூளின் பதம் மிகச் சரியாக இருக்க வேண்டும். இந்த பாஸ்கெட்டின் அடியில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வால்வு எதுவும் கிடையாது. தடுப்பது தூள் மட்டுமே. காபிக் கடையில் ஃபில்டருக்கு அரைத்து வாங்கிய தூளைப் போட்டால், பத்து நொடியில் பழுப்புத் தண்ணீர் கொட்டி முடிந்துவிடும். சிக்கரி கலந்த தூள் என்றால் இன்னும் மோசம்; பிசுபிசுத்துப் பாஸ்கெட்டின் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரின் ஒவ்வொரு கிளிக்கும், அதாவது பதத்தை மாற்றத் திருகும் ஒவ்வொரு படியும், சிறியதாக இருக்க வேண்டும். ஒன்ஸீபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் ஒரு கிளிக்குக்கு 8 மைக்ரான், கிங்கிரைண்டர் கே6-இல் 16 மைக்ரான். முன்னதில் நிம்மதியாகப் பதம் பிடிக்கலாம், பின்னதில் சமாளிக்கலாம். பல விலை குறைந்த கிரைண்டர்களில் ஒரு கிளிக்கில் ஷாட் (ஒரு முறை இறக்கும் காபி) ஓடிவிடும், அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொள்ளும். நடுவில் நிற்க இடமிருக்காது. கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்குகிறபோது பதத்தை மாற்றும் வெளிவளையம் தானாக நகர்வதும் உண்டு. சரியான எண்ணை ஒரு டேப்பில் எழுதி கிரைண்டர் மேலேயே ஒட்டிவைத்துவிடுங்கள்.

காபிக் கொட்டையை வீட்டிலேயே பதினெட்டு பதினெட்டு கிராமாக நிறுத்து சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டால் தராசைத் தூக்கிச் செல்ல வேண்டாம். காற்றடிக்கிற இடத்தில், சாய்ந்த பானட் மேல் வைத்த பாக்கெட் தராசு எப்படியும் ஒரு எண்ணில் நிற்காது. வெயிலில் பூட்டிய காருக்குள் கொட்டையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சூடு. மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஏற்காட்டில் 95 டிகிரி, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92-93, லடாக்கின் லே நகரில் 88 டிகிரிதான். கெட்டிலில் தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறாது. குக்கரில் கொதிக்கவைத்தால் ஏறுமே என்று தோன்றும். ஏறும்; மூடியைத் திறந்த மறுநொடி பழைய இடத்துக்கே வந்துவிடும். எஸ்பிரெஸோவுக்கு 90 முதல் 96 டிகிரி வேண்டும். 92 டிகிரித் தண்ணீரைக் குளிர்ந்த கருவிக்குள் ஊற்றினால், அதன் உலோகமே சில டிகிரியை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் கோப்பையில் வருவது புளிப்பு. கொட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் வரிசை முக்கியம். கெட்டிலில் 350 மி.லி. தண்ணீர் வையுங்கள். அது சூடாவதற்குள் அரைத்து, பாஸ்கெட்டில் கொட்டி, ஊசியால் அடி வரை கிளறி, மேற்பரப்பைச் சமமாக்கி டாம்பரால் நேராக அழுத்திவிடுங்கள். அரைக்கும் முன் கொட்டை மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் தூள் கிரைண்டரில் ஒட்டாமல் விழும். விளிம்பில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வளையத்தின் ஓரமாகக் கசியும்.

தண்ணீர் கொதித்ததும் பாஸ்கெட்டைப் பொருத்தாமல் தொட்டியை நிரப்பி, அரை நிமிடம் வைத்திருந்து, பம்ப் செய்து கோப்பைக்குள் இறக்குங்கள். கருவியும் கோப்பையும் ஒன்றாகச் சூடாகும். 1,500 மீட்டருக்கு மேல் இருந்தால் இதையே இரண்டாம் முறையும் செய்யுங்கள். கெட்டில் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கட்டும். பிறகு பாஸ்கெட்டைப் பொருத்தி, 80 மி.லி. ஊற்றி, உடனே மூடிவிடுங்கள். எட்டுப் பத்து முறை மெதுவாக அழுத்தினால் பாஸ்கெட்டின் அடியில் ஈரம் தெரியும். பத்து நொடி நிறுத்துங்கள். பிறகு ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள். கோப்பையில் 36 முதல் 40 கிராம் வந்ததும் நிறுத்திவிடலாம். மொத்தம் 40 நொடி ஆனால் சரி.

மலையில் நல்ல கறுப்பாக வறுத்த கொட்டைதான் கைகொடுக்கும். குறைந்த சூட்டிலும் சாறு இறங்கிவிடும். நம் ஊர்க் காபிக் கடையில் பீபெர்ரியில் (பழத்துக்கு ஒன்றாக விளையும் உருண்டைக் கொட்டை) கொஞ்சம் ரோபஸ்டா சேர்த்து, அரைக்காமல் வறுத்த கொட்டையாகக் கேட்டு வாங்கினால் போதும், கிரீமா தாராளமாக நிற்கும். அப்படியும் புளித்தால் ஒரு கிளிக் நைஸாக்கி 45 கிராம் வரை இறக்குங்கள். வெளிர் வறுவல் கொட்டையை லேவுக்கு எடுத்துச் செல்வது வீண்.

பாஸ்கெட்டின் அடி திறந்திருப்பதால் தப்பு கண்ணுக்கு நேரே தெரியும். ஒரு பக்கமாக ஊசி மாதிரி பீய்ச்சினால் கிளறியது போதவில்லை, அல்லது டாம்பர் சாய்ந்துவிட்டது. வெள்ளைச் சட்டை வேண்டாம். பம்ப் இறுகி நகராவிட்டால் தூள் மிகவும் நைஸ். அப்போது ஆத்திரத்தில் வளையத்தைத் திருகித் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தோடு கொதிநீர் இருக்கிறது, முகத்தில் அடிக்கும். சில நிமிடம் அப்படியே விட்டு, துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்லத் திருகுங்கள்.

இன்னொரு குறை, நாலு பேர் குழுவுக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அரைத்து, சூடேற்றி, கழுவ ஏழெட்டு நிமிடம் ஆகும். நாலாவது ஆளுக்குக் கிடைக்கும்போது முதல் ஆள் கூடாரத்தையே மடித்துவிட்டிருப்பார். நுரை போடும் வசதியும் இல்லை. பால் வேண்டும் என்றால் தனியாக 60-65 டிகிரிக்குச் சுடவைத்து, பேட்டரி விஸ்க்கால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ஷாட்டுக்கு 100 மி.லி. பால் கணக்கு. டபரா டம்ளர் ருசிதான் வேண்டும் என்பவர்கள் வீட்டு பித்தளை ஃபில்டரையே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ருசி இதில் வராது.

கிரைண்டர் வாங்க மனமில்லையா? அதே கம்பெனியின் நானோபிரெஸ்ஸோவைப் பாருங்கள். 8 கிராம்தான் பிடிக்கும், கடையில் அரைத்த தூளையும் பொறுத்துக்கொள்ளும். கெட்டித்தன்மையில் இதற்குக் கீழேதான். அவுட்இன் நானோ என்ற பேட்டரி எஸ்பிரெஸோ கருவி தண்ணீரைத் தானே சுடவைக்கும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜ் ஏறும். ஆனால் 50 மி.லி. தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 92-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4 வாட்-அவர் செலவாகும். 7,500 எம்.ஏ.எச். பேட்டரியில் இருப்பது 28 வாட்-அவருக்குள்தான். எனவே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஐந்தாறு கோப்பைதான், மலைக்குளிரில் அதற்கும் குறைவு. அடுப்பு மூட்ட முடியாத இடத்தில், காட்டுப் பகுதியில் பெரும்பாலும் அதுதான் நிலைமை, அவுட்இன் நானோவை எடுத்துச் செல்வதில் அர்த்தமுண்டு.

பிக்கோபிரெஸ்ஸோவைக் கழுவ அரை டம்ளர் தண்ணீர் போதும். ஷாட் முடிந்ததும் காற்று வரும் வரை பம்ப் செய்தால் தூள் இறுகிக் கட்டியாகும். ஒரு தட்டில் பையில் விழும். அந்தப் பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கிளம்பும் அவசரத்தில் ஈரத்தோடு பைக்குள் போட்டு ஜிப்பை மூடினால் அடுத்த பயணத்தில் பூசண வாடை அடிக்கும். ராத்திரி தங்கும் இடத்தில் கழற்றி, பாகங்களைத் துண்டின் மேல் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் படுங்கள்.