தாமான் வீட்டு ஹாலில் பாஸ் குமுறல்: எந்த ரூம் கரெக்‌ஷன் எடுபடும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தாமான் எனும் குடியிருப்புகளின் வரிசை வீட்டு ஹால் எல்லாம் ஒரே ஜாடைதான்: தரையில் டைல்ஸ், சுற்றிலும் செங்கல் சுவர், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. எத்தனை ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் பாஸ், அதாவது பாட்டின் அடிச்சத்தம், குமுறும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 12 அடி என்றால் சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் 2-ஆம் ஃபிரெட்டை அழுத்தினால் வரும் சுரம் கிட்டத்தட்ட அதேதான். இளையராஜா பாட்டில் பாஸ் இறங்கி வரும்போது அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கும். பக்கத்துச் சுரங்கள் ஒழுங்காக இருக்கும். இந்த வீக்கத்தை மைக் வைத்து அளந்து மென்பொருளால் சரிசெய்வதுதான் ரூம் கரெக்‌ஷன்.

டெனோன், மராண்ட்ஸ் ரிசீவர்கள் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிகள்) பலவற்றோடு வரும் ஆடிஸி என்ற திருத்த மென்பொருள்தான் இருப்பதிலேயே சுலபம். பெட்டியில் வரும் மைக்கை உட்காரும் இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் பாஸோடு நிற்காமல் மேல் ஸ்தாயி வரை கை வைக்கும். வழக்கமான அமைப்பில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் குறைக்கவும் செய்யும். குரலின் தெளிவு இருப்பதே அங்கேதான், எஸ்.பி.பி. ஓரடி பின்னால் தள்ளி நின்று பாடுவதுபோல் எனக்குப் படும். அதன் கட்டண ஆப் உங்கள் ரிசீவரோடு ஒத்துப்போனால் வாங்கிவிடுங்கள். அந்தக் குறைப்பை அணைத்து, திருத்தத்தை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்தலாம்.

டிராக் லைவ் என்ற இன்னொரு திருத்த மென்பொருள், ஒலி வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துத் திருத்தும். பாஸ் நன்றாக இறுகும், அதை மறுக்க முடியாது. ஆனால் எல்லா ரிசீவரிலும் ஓடாது, பலவற்றில் லைசென்ஸுக்குத் தனிக் காசு. வாங்குவதானால் 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தும் மலிவுப் பதிப்பே இந்த ஹால்களுக்குத் தாராளம். அதற்கு மேல் கெட்டித் திரையும் கம்பளமும் செய்ய வேண்டிய வேலை.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவருக்கு என் ஓட்டு ஆர்.ஈ.டபிள்யூ. (ரூம் ஈக்யூ விஸார்ட்) என்ற அளக்கும் மென்பொருளுக்குத்தான். அதுவும் இலவசம், அளந்ததை வைத்துக் கம்ப்யூட்டர் ஒலியைத் திருத்தும் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற மென்பொருளும் இலவசம். யூமிக்-1 மைக் ஒன்றுதான் செலவு. அதன் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அந்த மைக்குக்கே உரிய அளவீட்டுக் கோப்பு கிடைக்கும். எங்கே வீக்கம், எங்கே பள்ளம் என்று வரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். குறை என்னவென்றால், ஏ.பி.ஓ. விண்டோஸில் மட்டும்தான் ஓடும், டிவி சத்தம் அதன் வழியே போகாது. அதற்கு நடுவில் மினிடிஎஸ்பி மாதிரி ஒலியைத் திருத்தும் ஒரு தனிப் பெட்டி வேண்டும்.

எதை எடுத்தாலும் வீக்கத்தை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். பள்ளம் என்பது அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம். 10 டெசிபல் ஏற்ற ஆம்பிளிஃபயர் 10 மடங்கு உழைக்கும், பள்ளமோ அப்படியே இருக்கும். சோபாவைப் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னால் இழுத்தால் சில நேரம் அது தானாகவே விலகும்.

அளக்கும்போது மைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிற்கட்டும், ஃபேனை நிறுத்துங்கள். செம்பனைக் குலை லாரி ஓடும் நேரமும், ஜிங் கூரையில் மழை கொட்டும் நேரமும் வேண்டாம். லாரியின் உறுமல் நாம் அளக்கும் அதே பாஸில்தான் வந்து கலக்கும். அப்புறம், அளப்பதற்காக ஸ்பீக்கரில் ஓடும், சைரன்போல் ஏறும் சோதனைச் சத்தத்தைப் போடுமுன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.