இட்ச் ஐஓ ரிவ்யூ: டேபிள்டாப் கேம் எழுதறவங்க தனி முகத்தோட கடை போட ஏத்த எடமா?

5க்கு 4 குடுப்பேன். ஏன்னு தெரியணும்னா கீழ படிங்க, கொஞ்சம் நீளமா போகும், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது.

இட்ச் ஐஓன்னாலே நெறைய பேருக்கு வீடியோ கேம்தான் ஞாபகம் வரும். 2013ல லீஃப் கோர்கரன் ஆரம்பிச்சப்ப அது இண்டி வீடியோ கேம் (பெரிய கம்பெனி இல்லாம சின்ன ஆளுங்க பண்றது) போடற சைட்தான், ஆனா இப்ப டேபிள்டாப் ஆர்பிஜிக்குன்னு (ஆளாளுக்கு ஒரு பாத்திரமா மாறி ஆடற கேம்) அங்க பெரிய கூட்டமே இருக்கு. டைஸ், பென்சில், பேப்பர் வச்சிக்கிட்டு நாலு பேரு உக்காந்து கதையா ஆடற கேம், அப்புறம் தனியா டைரி எழுதிக்கிட்டே ஆடற சோலோ கேம், எல்லாம் பிடிஎஃபா கெடைக்கும். நெறைய கேம் ஒரே ஆளு எழுதி, லேஅவுட் பண்ணி, கவரும் அவங்களே போட்டது. நான் அங்க வாங்கறவன், சின்னதா சோலோ கேம் எழுதி விக்கறவனும்தான், அதனால ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பாத்து சொல்றேன்.

எனக்கு இந்த கடைல ரொம்ப புடிச்சது அந்த பக்கம்தான். ஒவ்வொரு கேமுக்கும் தனிப் பக்கம், பேக்கிரவுண்ட் கலர், எழுத்து கலர், ஃபான்ட், மேல பேனர் எல்லாத்தையும் நீங்களே மாத்திக்கலாம், கோடிங் தெரிய வேணாம், தீம் எடிட்டர்லயே முடிஞ்சிடும். இன்னும் உள்ள போய் மாத்தணும்னா சப்போர்ட்ல கேட்டு சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்த மாத்தற கோடு) போடற அனுமதி வாங்கிக்கலாம். இதனால என்ன ஆகுதுன்னா ஒரு பேய் கேம் பக்கத்த தொறந்தா ஒரு வரி படிக்கறதுக்கு முன்னாடியே அது எந்த மாதிரி ராத்திரிக்கு ஆடறதுன்னு புரிஞ்சிடுது, அடுத்த டேப்ல ஒரு சாந்தமான சோலோ கேம் பக்கத்துக்கு போனா வெளிர் பச்சைல, கையெழுத்து மாதிரி ஃபான்ட்ல, அது வேற உலகமா இருக்கு. அதே ரெண்டு கேமையும் டிரைவ்த்ரூ ஆர்பிஜிங்கற இன்னொரு ஆன்லைன் கடைல போட்டா கடையோட டெம்ப்ளேட்டுக்குள்ளதான் நிக்கணும், கவரையும் டிஸ்கிரிப்ஷனையும் தவிர உங்க கைபட்டதுன்னு சொல்ல பெருசா ஒண்ணும் இருக்காது. பின்னாடி கம்பெனியோ விளம்பரத்துக்கு காசோ இல்லாத ஆளுக்கு இது பெரிய வித்தியாசம்ங்க.

அட்ரஸும் உங்க யூசர்நேம்லதான் ஆரம்பிக்கும், அதுக்கப்புறம்தான் இட்ச் டாட் ஐஓ வரும். அதனால அக்கவுன்ட் தொறக்கும்போதே என்ன பேர்ல நிக்கப் போறோம்னு யோசிச்சு வைங்க. சொந்த பேரா, இல்ல ஒரு பதிப்பகப் பேரு மாதிரியா, எதுவா இருந்தாலும் சரி, அதே பேரு பிடிஎஃப் முதல் பக்கத்துலயும் சோஷியல் மீடியாலயும் இருக்கணும். ஒரு கேம் புடிச்சுப்போய் அதே ஆளோட அடுத்த கேம தேடினா எடத்துக்கு ஒரு பேர்ல இருப்பாங்க, கண்டுபிடிக்கவே முடியாம விட்டது எனக்கு நெறைய நடந்திருக்கு.

இப்ப கவர். இதுதான் இந்த கடைல சறுக்கற எடம். இட்ச்ல கவர் படம் படுத்த வாக்குல இருக்கும், அவங்க சிபாரிசு பண்ற அளவு 630க்கு 500 பிக்சல். ஆனா நம்ம ஆளுங்க எழுதறது புக், புக் கவர் நின்ன வாக்குல இருக்கும். அந்த பிடிஎஃப் கவர அப்படியே தூக்கி போட்டா மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு தலைப்பு பாதி போயிடும், இல்லன்னா ரெண்டு பக்கமும் வெத்து எடமா கெடக்கும். தயவுசெஞ்சு இதுக்குன்னு தனியா ஒரு கவர் பண்ணுங்க, தலைப்பு பெருசா, ஒரே ஒரு படம், ரெண்டு கலர் போதும். பண்ணினதும் போன்ல தம்ப்நெயில் சைஸுக்கு சுருக்கிப் பாருங்க, தலைப்ப படிக்க முடியலன்னா மறுபடி பண்ணுங்க. 2020 ஜூன்ல இன நீதிக்காக இட்ச்ல ஒரு பெரிய பண்டில் (நெறைய பேரோட கேம ஒண்ணா கட்டி ஒரே விலைக்கு விக்கறது) போட்டாங்க, குறைஞ்சது 5 டாலர் குடுத்தா 1,700க்கும் மேல ஐட்டம், அதுல வீடியோ கேமோட சேத்து டேபிள்டாப் கேமும் நெறைய இருந்துச்சு, 80 லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. அவ்ளோ நீள லிஸ்ட்ட உருட்டிக்கிட்டே போகும்போது கண்ணுல படறது ஒரு கவரும் ஒரு வரி டிஸ்கிரிப்ஷனும்தான், அந்த ஒரு வரில "சுவாரசியமான கதை சொல்லும் கேம்"னு போட்டிருந்தா யாரும் நிக்க மாட்டாங்க, "கலங்கரை விளக்கத்துல தனியா ஒரு மழைக்காலம், ஒரு சீட்டுக்கட்டு போதும்"னு போட்டா நிப்பாங்க.

படம் வரையத் தெரியாதேன்னு கவலைப்பட வேணாம். நியூயார்க் மெட் மியூசியம் 2017லயே லட்சக்கணக்கான படத்த காப்பிரைட் இல்லாம திறந்து விட்டாங்க, பழைய மரச்செதுக்கு அச்சு, தாவரப் படம், மேப் எல்லாம் வணிகத்துக்கே பயன்படுத்தலாம். ஒரே மாதிரி பழைய படத்த எடுத்து, ஒரே கலர்ல டின்ட் பண்ணி, மூணு நாலு கேமுக்கும் அதே மாதிரி போட்டீங்கன்னா அதுவே அடையாளம் ஆயிடும். இத விட்டுட்டு ஏஐ படம் போடறது இந்த கூட்டத்துல நல்லா எடுபடாது, பேரு கெட்டுப்போற வாய்ப்புதான் அதிகம், நானும் அப்படி கவர் இருந்தா வாங்கறதில்ல.

அடுத்து கடன் வாங்கின லோகோ விஷயம். ஸ்வீடன்லேர்ந்து வந்த மோர்க் போர்க்ங்கற டேபிள்டாப் கேமுக்கு மத்தவங்களும் சாகசம் எழுதி விக்கலாம், லைசென்ஸ் இலவசம், அவங்க குடுக்கற பொருந்தும்ங்கற லோகோவ போட்டுக்கலாம், இது தனியா ஒருத்தர் பண்ணது, மோர்க் போர்க் போட்டவங்களோட சம்பந்தமில்லன்னு ஒரு வாசகமும் சேக்கணும். இதால அந்த கேம் ஆடறவங்க தேடி வருவாங்க, அது பெரிய லாபம்தான். ஆனா அந்த கேமோட மஞ்சக் கலரையும் கிறுக்கல் ஃபான்ட்டையும் சேத்து எடுத்துக்கிட்டா பத்து கவர பக்கத்துல பக்கத்துல வச்சா எது யாரோடதுன்னே தெரியாது. லோகோவ ஓரமா போடுங்க, கலரும் எழுத்தும் உங்களோடதா இருக்கட்டும். இன்னொருத்தர் வீட்ல ரொம்ப நாள் இருக்கறதோட ஆபத்து 2023 ஜனவரில எல்லாருக்கும் தெரிஞ்சுது, டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம வச்சு மத்தவங்களும் எழுத விட்ட லைசென்ஸ, அந்த கேம போடற விசார்ட்ஸ் கம்பெனி மாத்தப் போறாங்கன்னு வெளிய வந்ததும் எத்தனை சின்ன ஆளுங்க பயந்து போனாங்க, கடைசில எதிர்ப்பு தாங்காம அந்த கேமோட 5.1 விதித்தொகுப்ப கிரியேட்டிவ் காமன்ஸ்ல (யாரும் எடுத்து பயன்படுத்தலாம்ங்கற லைசென்ஸ்) விட்டாங்க.

கம்யூனிட்டி காப்பி பத்தி சொல்லியே ஆகணும். காசு குடுக்க முடியாதவங்களுக்குன்னு கொஞ்சம் காப்பிய இலவசமா ஒதுக்கி வைக்கறது, இட்ச்ல இருக்கற ரிவார்டுங்கற வசதிய வச்சு இத பண்றாங்க, ஒரு ஆளு காசு குடுத்து வாங்கினா இன்னொரு இலவச காப்பி சேரும்னு போட்டிருப்பாங்க. டாலர் விலைய ரூபாய்ல பாத்து தயங்கற ஆளுங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு நமக்கு தெரியும். அப்படி எடுத்து ஆடின கேம எழுதினவங்க பேரு மறக்கவே மறக்காது, அடுத்த கேம காசு குடுத்து வாங்கத் தோணும். இத மார்க்கெட்டிங்னு நெனச்சு பண்ணாதீங்க, மனசார பண்ணுங்க.

குறை என்னன்னா ஆளு வரமாட்டாங்க. டேபிள்டாப் தேடறவங்க டேக், இல்லன்னா ஃபிசிக்கல் கேம்ங்கற பிரிவு வழியாதான் உள்ள நுழையணும், வீடியோ கேம் கூட்டத்துக்கு நடுவுல தற்செயலா உங்க பக்கத்துக்கு வந்து நிக்கறவங்க கம்மி. டிரைவ்த்ரூல வர்றவங்க எல்லாம் ஆர்பிஜி வாங்கத்தான் வர்றாங்க, அங்க 50 காப்பி தாண்டினா காப்பர், அப்புறம் சில்வர், எலெக்ட்ரம்னு பேட்ஜ் ஏறும், அது புதுசா பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை குடுக்குது, புக்காவும் பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல (ஆர்டர் வந்தப்புறம் அச்சடிக்கறது) கெடைக்கும். இட்ச்ல அதுக்கு பதிலா இருக்கறது ஜாம் (ஒரு தலைப்பு, ஒரு கெடு வச்சு எல்லாரும் கேம் எழுதிப் போடறது), வருஷா வருஷம் நடக்கற ஒன் பேஜ் ஆர்பிஜி ஜாம் மாதிரி ஒண்ணுல கலந்துக்கிட்டா மத்த எழுத்தாளருங்க உங்கள பாப்பாங்க, கூட்டு சேந்து பண்டில் போடலாம். மத்தபடி ஆளுங்கள நீங்களேதான் கூட்டிட்டு வரணும்.

காசு கணக்கு சுருக்கமா: இட்ச் பங்கு எவ்ளோன்னு நீங்களே முடிவு பண்ணலாம், மாத்தாம விட்டா 10 சதவீதம், பேமென்ட் கட்டணம் தனி. டிரைவ்த்ரூல உங்களுக்கு 65 சதவீதம், அங்க மட்டும்தான் விப்பேன்னா 70. டி அண்ட் டி உலகத்த வச்சு எழுதினத விக்கற டிஎம்ஸ் கில்டுங்கற கடைல 50.

இன்னொண்ணும் சொல்லணும். 2025 ஜூலைல பேமென்ட் கம்பெனிங்க அழுத்தம் குடுத்ததால அடல்ட் டேக் இருந்த பக்கங்கள இட்ச் சர்ச்லேர்ந்தே எடுத்துட்டாங்க. அந்த மாதிரி கேம் எழுதாதவங்களுக்கும் இது எச்சரிக்கைதான். பேரு, கவர் ஃபைல், வாங்கினவங்களோட தொடர்பு எல்லாம் உங்க கைல இருக்கணும், சின்னதா ஒரு மெயில் லிஸ்ட் ஆரம்பிச்சு பிடிஎஃப் கடைசி பக்கத்துல அதோட லிங்க்க போடுங்க.

என்னோட ஆர்டர் இதுதான், பிடிஎஃப் மொதல்ல இட்ச்ல, ஆளுங்க கேக்க ஆரம்பிச்சதும் பிரிண்டுக்கு டிரைவ்த்ரூ. கொறச்ச ஒரு மார்க் கவருக்கும் தேடலுக்கும் சேத்து. ஃபிசிக்கல் கேம்னு செலக்ட் பண்ணா நின்ன வாக்குல கவர் போடறதுக்கு ஒரு ஆப்ஷன் மட்டும் குடுத்தாங்கன்னா 4.5 ஆக்கிடுவேன்.