மார்க் 2 அம்பாசிடரில் ஸ்டீரியோ: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் 1970-ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடரைக் காட்பாடியில் ஒரு ஷெட்டில் வைத்து முழுமையாகப் புதுப்பித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெயின்ட் வேலை முடிந்த மறு மாதமே ஒரு ஸ்டீரியோவும், பக்கத்துக்கு 50 வாட் தரும் சிறிய ஆம்ப்ளிஃபையரும் பொருத்தினேன். வயரிங்கைக் கருக விடாமல் அவற்றை எப்படி ஓட்டி வருகிறேன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை இரண்டே கண்ணாடி ஃபியூஸ்கள். ஹெட்லைட்டுக்குச் செல்லும் வயரில் ஃபியூஸே கிடையாது. வாங்கியபோது அந்த ஃபியூஸ்களில் ஒன்றின் மேல், அது போனாலும் மின்சாரம் நிற்காதபடி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் பச்சை வயரின் உறை ஒரு சாண் நீளத்துக்குக் கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. முன்பு யாரோ அந்த வயரிலிருந்துதான் ரேடியோவுக்குக் கனெக்‌ஷன் எடுத்திருக்கிறார்கள். மாற்று ஃபியூஸ் வாங்குவதிலும் கவனம் வேண்டும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் பழைய முறையில் 35 என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். இப்போது கடையில் கிடைக்கும் 35 ஆம்பியர் ஃபியூஸ் பெரும்பாலும் அந்த 35-ஐயே தொடர்ந்து தாங்கும் என்பதால், எண்ணைப் பார்த்து மாற்றினால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

சத்துவாச்சாரியில் வேலை பார்த்துக் கொடுத்த வயதான எலக்ட்ரீஷியன் முதலிலேயே சொன்னார்: "தம்பி, ஃபியூஸ் செட்டுக்காகப் போடுறது இல்ல, வயருக்காகப் போடுறது. பேட்டரி பக்கத்துலயே இருக்கணும்." அதன்படி பேட்டரியிலிருந்து முக்கால் அடிக்குள் 25 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், அங்கிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், ஒரு 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), அதன் பின் ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் தனித்தனி ஃபியூஸ் என்று அமைத்தோம். பழைய வயரிங்கிலிருந்து எடுப்பது ரிலேயின் காயிலுக்கான சொற்ப மின்சாரம் மட்டுமே. அந்தக் கால பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்வது) இருந்ததால், எதையும் இணைக்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் சேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: எர்த் போல்ட்டின் அடியில் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டாவிட்டால் எர்த் சரியாகச் சேராது.

என்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் வரம்பையும் மறக்கக் கூடாது. என் வண்டியில் இருப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர் தருவது. இரவில் ஹெட்லைட், டெயில் லைட், இக்னிஷன் காயில் ஆகியவற்றுக்கே 13 ஆம்பியருக்கு மேல் போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபையர் முழு ஒலியில் 14 ஆம்பியர் வரை கேட்கும். ஐட்லிங்கில் டைனமோ சார்ஜே கொடுக்காது என்பதால், வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஏலகிரி ஏறும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கடந்த நிலையில், பாட்டு சட்டென்று நின்றது. என்ஜின், விளக்கு எதற்கும் பாதிப்பில்லை. பானட்டைத் திறந்து பார்த்தால் 25 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. வயர் உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் கெட்டிப்பட்டு நழுவியிருந்தது. அதன் ஓரம் உறையை அறுத்து, செம்பு நெல் அளவுக்குத் தெரிந்தது. அந்த ஃபியூஸ் பேட்டரி அருகில் இல்லாமல் டேஷ்போர்டுக்குள் இருந்திருந்தால், அங்கே ஏற்பட்ட ஷார்ட்டை எதுவும் தடுத்திருக்காது; தீயே பிடித்திருக்கலாம். நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

அதன் பிறகு துளைகளில் எல்லாம் புது புஷ் போட்டு, வயரை நெளிகுழாய்க்குள் விட்டோம். இந்த மே மாத வெயிலில் ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் சற்று இளகி, உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருந்தது. என்ஜின் சூடு நேரடியாகப் படாத இடத்துக்கு, பேட்டரியின் மறுபக்கமாக, ஹோல்டரை மாற்றி வைத்திருக்கிறேன்.