ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா: கிராண்டில் எந்த வரியைப் பார்ப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அக்கா மகள் வீடு தேடுகிறாள். கையில் இரண்டு வீடுகள், இரண்டுமே இரண்டரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்). ஒன்று டவுனுக்கு வெளியே இனிமேல்தான் எழும்பப்போகும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), ஃப்ரீஹோல்ட், அதாவது காலவரையற்ற நில உரிமை. மற்றது டவுனுக்குள் பழைய தெரஸ் (வரிசை) வீடு, லீஸ்ஹோல்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் குத்தகை. அக்காவின் ஓட்டு முதல் வீட்டுக்குத்தான். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த குடும்பம் எங்களுடையது. "நம்ம மண்ணுன்னு இருக்கணும்டா" என்றால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. (அந்தத் துண்டாடலைத் தாக்குப்பிடிக்கத்தான் இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960ல், தோட்டங்களை வாங்கவென்று தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.)

நில உரிமைப் பத்திரமான கிராண்டைப் பிரித்தால் ஃப்ரீஹோல்டுக்கு 'செலாமா-லாமாஞா' (என்றென்றைக்கும்) என்றும், லீஸ்ஹோல்டுக்கு 'பஜாக்கான்' (குத்தகை) என்றும் முடிவுத் தேதியோடும் இருக்கும். பஜாக்கான் அதிகபட்சம் 99 ஆண்டு. தெரஸ் வீட்டுக்கு 1985ல் தொடங்கியது, 2084ல் முடியும். அதற்குள் பிரீமியம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நிலம் மாநில அரசுக்கே திரும்பும். வீட்டுக்கடன் 35 ஆண்டுக்குமேல் போகாது என்பதால் இவளுக்குச் சிக்கலில்லை. இவளிடமிருந்து வாங்கப்போகிறவருக்குத்தான் சிக்கல். மிச்ச வருடம் குறையக் குறைய வங்கி தயங்கும், விலையும் இறங்கும்.

ஆனால் நான் பயப்படுவது வேறொரு வரிக்கு: 'செக்காத்தான் கெப்பெந்திஙான்', அதாவது உரிமைக் கட்டுப்பாடு. மாநில அரசின் அனுமதியில்லாமல் பெயர் மாற்றக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், விற்கும்போது அனுமதி வாங்க மாதக்கணக்கில் இழுக்கலாம். லீஸ்ஹோல்டில் இது சகஜம்தான். ஃப்ரீஹோல்ட் கிராண்டிலும் இதே வரி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்தால் இதுவும் தெரியும், யாராவது கேவியட் (நிலத்தைக் கைமாற்றத் தடை) போட்டிருந்தால் அதுவும் தெரியும்.

புதுத் தாமானுக்கு வருவோம். மண் நிரந்தரம்தான், வீடு இன்னும் காகிதத்தில் இருக்கிறது. தரைவீட்டுக்கான ஒப்பந்தம் 'அட்டவணை ஜி' என்ற, சட்டமே வகுத்த படிவம். கையெழுத்திட்ட 24 மாதத்தில் சாவி தரவேண்டும். தாமதித்தால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கணக்கிட்டு இழப்பீடு உண்டு. சாவி வாங்கியபின் 24 மாதம்வரை விரிசல், ஒழுகலை வீடு கட்டித் தரும் கம்பெனியே சரிசெய்ய வேண்டும். பழைய வீட்டில் இந்த வசதி கிடையாது, கூரை ஒழுகினால் நம் காசுதான். ஆனால் கட்டி முடியும்வரை வங்கி கட்டம் கட்டமாக விடுவிக்கும் பணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டே, வாடகையும் கொடுக்க வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட தாமானை இந்த நாட்டில் பார்க்காதவர் யார்? தனி கிராண்டு பிரியாமல், மொத்த நிலத்துக்கான ஒரே பத்திரமான மாஸ்டர் டைட்டிலிலேயே கிடந்தால், உங்கள் பெயர் நிலப்பதிவில் ஏறவும் காத்திருக்க வேண்டும்.

முத்திரை வரி இரண்டுக்கும் ஒன்றே: முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த ஒன்றரை லட்சத்துக்கு 2, ஆக 4,000 வெள்ளி. முதல் வீடு வாங்குபவர்களுக்கு விலக்கு உண்டா என்று லோயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு பழைய வீட்டுக்கு. கண்ணால் பார்க்கிறோம், கிராண்டு தனியாக இருக்கிறது, பேருந்து நிலையமும் நடக்கிற தூரம். அக்காவுக்குக் கோபம்தான்.

முன்பண விஷயத்தில் மட்டும் இரண்டும் எதிரும் புதிரும். பழைய வீட்டுக்கு ஏஜெண்டிடம் 2 அல்லது 3 விழுக்காடு கொடுத்துப் பிடித்துவைப்பது வழக்கம். புதுத் தாமானிலோ ஒப்பந்தத்துக்கு முன் 'புக்கிங்' என்று ஒரு வெள்ளிகூட வாங்க மேம்பாட்டாளருக்குச் சட்டத்தில் இடமில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய வீட்டுக்குக் கொடுக்கும்போதும், அனுமதியோ கடனோ கிடைக்காவிட்டால் பணம் முழுதாகத் திரும்பும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.