பத்து, ஒன்பது, எட்டு: கூப்பிட்டால் என்ன நடக்கிறது

குழந்தைகளைப் பாலியல் தொழிலுக்குக் கடத்துவதைத் தடுக்க நினைக்கும் சாதாரண ஆளின் கையில் என்ன இருக்கிறது? முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் பாராமல் எடுப்பார்கள். 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சோதனைத் திட்டமாகத் தொடங்கிய எண் இது. தெருவில் வளரும் பிள்ளைகளுக்கும் மனதில் நிற்க வேண்டும் என்றுதான் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும் வரிசை.

பலருக்குத் தெரியாத மாற்றம் ஒன்று: நீண்ட காலம் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த இந்தச் சேவை, 2023இல் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்து, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. இப்போது அழைப்பு மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. அவசரம் என்றால் 112 வழியாகக் காவல் துறைக்கு. அதனால் கண்ணெதிரே அடி உதை நடக்கிறது, பிள்ளையை வண்டியில் ஏற்றுகிறார்கள் என்றால் 112-ஐயே முதலில் அழுத்துங்கள். ஒரு கைமாறல் குறையும்.

பிள்ளை இந்த நிமிடம் கண்ணெதிரே இருக்கிறது என்றால் 1098 நன்றாகவே உதவும். "அந்தத் தெருவில் ஏதோ தப்பு நடக்குது" மாதிரி மேலோட்டமான தகவலுக்குப் பலன் சுமார்தான். குறை முழுக்கச் சேவையுடையது இல்லை. "சந்தேகமா இருக்கு சார், வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். வருகிறவர் எங்கே போய் யாரைத் தேடுவார்?

இப்படிச் சொன்னால் தேட முடியும்: "திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு, கோயம்புத்தூர் வண்டி நிக்கிற இடம். மணி ராத்திரி 10.40. பொண்ணுக்குப் பதிமூணு வயசு இருக்கும், மஞ்சள் சுடிதார், காலில் செருப்பு இல்லை. கூட நாப்பது வயசு ஆளு, கட்டம் போட்ட சட்டை, கறுப்புப் பை. வண்டி நம்பர் இது, அஞ்சு நிமிஷத்துல கிளம்புது." இடம், நேரம், அடையாளம், அடுத்து எங்கே போகிறார்கள். இந்த நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஆட்கள் போய்ச் சேரும்போது பஸ் போயிருக்கும். ரயில் என்றால் ஐந்து இலக்க வண்டி எண், பெட்டி, பெர்த், அடுத்து நிற்கும் ஸ்டேஷன். ரயில்வே உதவி எண்ணான 139க்கும் சொல்லலாம், டிக்கெட் பரிசோதகரிடமும் (டிடிஇ) சொல்லலாம். அடுத்த நிறுத்தத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை ஏறுவதற்கு அந்த விவரம் போதும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? "பாப்பா, எந்த ஊருக்குப் போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் போகும் ஊர் தெரியாத பிள்ளை. பதில் சொல்லும் முன் கூட வந்தவர் முகத்தைப் பார்க்கும் பிள்ளை. முதலில் மாமா, பிறகு சித்தப்பா என்று மாறும் உறவு. பிள்ளையின் ஆதாரும் போனும் அடுத்தவர் பையில். ஊர் தெரியாத ஒருவர் "வேலை வாங்கித் தர்றேன்", "சினிமாவுல சான்ஸ்" என்று அழைத்துப் போவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அழைத்துவிடலாம், உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19, குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தகவல் தரச் சொல்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

வேறு மொழி பேசுவதும், நிறம் பொருந்தாததும், பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதும் அடையாளங்களே இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். எனவே கூட்டம் கூட்டாதீர்கள், ஆளை மடக்காதீர்கள். படம் எடுத்துக் குரூப்பில் போடவும் கூடாது. உண்மையிலேயே கடத்துகிறவராக இருந்தால் எச்சரிக்கையாகி நழுவிவிடுவார், பிள்ளையின் முகம் மட்டும் ஊரெல்லாம் சுற்றும். மீட்கப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றமும்கூட.

அழைத்தவருக்கு "என்ன ஆச்சு?" என்று யாரும் திரும்பச் சொல்வதில்லை. இந்தச் சேவை மேல் பொதுவாக வரும் பெரிய மனக்குறை இது. மீட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கா, குழந்தைகள் இல்லத்துக்கா என்று முடிவெடுப்பது அந்தக் குழு. அதற்குப் பிறகு நடப்பது ரகசியம். கடத்தலில் பெற்றவரோ உறவினரோ சம்பந்தப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் அந்த ரகசியம் அவசியம். ஆனாலும், "தகவல் கிடைத்தது, ஆள் போயாயிற்று" என்று ஒரு வரி அனுப்புவதில் எந்த ரகசியமும் கெட்டுப்போகாது. இதைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும்.

லாட்ஜ், மருத்துவமனை, ஸ்டுடியோ ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்குத் தகவல் சொல்வது விருப்பப்பட்டுச் செய்யும் உதவி இல்லை. போக்சோ பிரிவு 20 அவர்களைப் பெயர் சொல்லியே கடமைப்படுத்துகிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. ரிசப்ஷனில் பெரியவரின் அடையாள அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளையின் விவரத்தை எழுதாமல் விடும் பழக்கம்தான் ஓட்டை.

போனுக்கு வரும், குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் பதிவுகளுக்கு வேறு வாசல்: தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமல் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. தெரிய வேண்டுமென்றால் மொபைல் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். தேவைப்படுவது லிங்க், அனுப்பிய கணக்கு அல்லது எண், தேதி, நேரம். "ஆதாரத்துக்காக" என்று இன்னொருவருக்கு அனுப்பவே கூடாது. போலீசார் கேட்டால் அதே போனில் காட்டுங்கள். இத்தகைய பதிவை டவுன்லோடு செய்து பார்த்ததற்காக மட்டும் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்த ஒரு வழக்கை, அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்தது. 'சும்மா வைத்திருந்தேன்' என்ற பேச்சு இனி எடுபடுவது கடினம்.

பணமாக உதவ நினைப்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஸ்பான்சர்ஷிப் பற்றி விசாரிக்கலாம். மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பிள்ளை தன் குடும்பத்திலேயே இருந்து படிக்கும் என்பதால், இல்லத்துக்கு அரிசி மூட்டை இறக்குவதைவிட இது மேல். இல்லத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41இன் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ரசீதில் 80ஜி எண் இருந்தால் உங்களுக்கு வரிச்சலுகை உண்டு என்று மட்டும் அர்த்தம், பிள்ளைகளை வைத்திருக்கும் அனுமதி வேறு. சான்றிதழைக் காட்டாமல், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உங்களோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், அந்த முகவரியையும் 1098க்குச் சொல்லலாம்.