தவணைக்கென ஒரு தனிக் கணக்கு: கொலுசுப் பட்டறையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

சேலம் பனங்காட்டில் வீட்டோடு சேர்ந்த சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். மொத்த வியாபாரிகள் கொடுக்கும் வெள்ளியைக் கொலுசாக்கித் தந்து கூலி வாங்கும் தொழில் இது. தீபாவளிக்கு முன்பும் முகூர்த்த மாதங்களிலும் கையில் பணம் புழங்கும்; ஆடியில் பட்டறை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். இயந்திரக் கடனின் தவணையும் காப்பீட்டுப் பிரீமியமும் மட்டும் ஆடி, ஐப்பசி என்று பார்ப்பதில்லை. இந்த முரணைச் சமாளிக்கப் பல ஆண்டுகளாக நான் கடைப்பிடித்து வரும் ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

வியாபாரி ஒருவர் கொடுத்த காசோலை திரும்பி வந்த வாரத்தில் என் தவணைக்கும் கணக்கில் பணம் போதவில்லை. பாஸ்புக்கில் 590 ரூபாய் பிடித்ததாக ஒரு பதிவு விழுந்திருந்தது: பணமில்லாமல் தவணை திரும்பியதற்கு வங்கியின் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஓர் அபராதம் போட்டது. சில நாள் கழித்து அதே தவணையை மறுபடியும் வங்கிக்கு அனுப்பியது. அப்போதும் பணம் இல்லாமல் போயிருந்தால் இன்னொரு 590 போயிருக்கும். நாள் முழுவதும் பற்றவைப்பு அடுப்பின் முன் உட்கார்ந்து சம்பாதித்த கூலி இப்படிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன்பின் தவணை, பிரீமியம் போன்ற தானியங்கிப் பிடித்தங்கள் அனைத்தையும் ஒரே சேமிப்புக் கணக்குக்கு மாற்றினேன். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையும் வாங்கவில்லை, யு.பி.ஐ.யிலும் அதை இணைக்கவில்லை. சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிந்ததும், ஆட்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் முதல் பங்கை அங்கே அனுப்பிவிடுகிறேன். தவணைத் தேதியை 5-லிருந்து 12-க்கு மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்டேன், நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமைப் பணம் எப்போதும் தவணைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தேதி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் வங்கிகள் தவணைகளைத் தானாகப் பிடிக்கப் பயன்படுத்தும் தேசிய தானியங்கிப் பிடித்த முறை (NACH) வாரத்தின் எல்லா நாளும் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்களன்றுதான் எடுப்பார்கள் என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. பிடித்தம் காலையிலேயே வந்துவிடக்கூடும் என்பதால், முதல் நாள் இரவே பணம் கணக்கில் இருக்க வேண்டும்.

ஆடி மாதத்துக்குத் துணையாக இருப்பது நிரந்தர வைப்புத்தொகையின் மீதான ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) வசதி; அதாவது வைப்புத்தொகையை உடைக்காமல் அதன் பேரில் வேண்டும்போது கடனாக எடுத்துத் திருப்பிக் கட்டுவது. ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருந்தால் பொதுவாக அதில் 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி, அதுவும் எடுத்த தொகைக்கும் எடுத்த நாட்களுக்கும் மட்டுமே. 8.5 சதவீத வட்டியில் 20,000 ரூபாயை ஆறு நாள் பயன்படுத்தினால் ஆகும் செலவு சுமார் 28 ரூபாய். இதை 590-உடன் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அவசரத்துக்கு வைப்புத்தொகையையே உடைக்கும் பழக்கத்தை எங்கள் தெருவில் பலர் விட வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

இந்த ஏற்பாட்டில் உள்ள குறை, இரண்டு கணக்குகளிலும் குறைந்தபட்ச இருப்பைப் பார்க்க வேண்டியிருப்பது. ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-லும் சேமிப்புக் கணக்குகளில் இருப்பு குறைந்தால் போடும் அபராதத்தை நீக்கிவிட்டன. ஆகவே தவணைக் கணக்கை இத்தகைய வங்கியில் வைப்பது நல்லது. சராசரி இருப்பு கேட்கும் வங்கியாக இருந்தால், அவர்கள் பார்ப்பது ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்த தொகையை. 30 நாள் மாதத்தில் 10,000 ரூபாய் சராசரி வேண்டுமென்றால், ஒரு லட்சத்தை மூன்று நாள் இரவு வைத்திருந்தாலே போதும். அபராதம் போடுவதற்கு முன் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்பதும், அந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் 2014-ஆம் ஆண்டு விதி. இதைச் சொல்லிக் கிளையில் எழுத்தில் கேட்க யாரும் தயங்க வேண்டாம்.

வைப்புத்தொகை முதிரும் நாளில் அதன் மீதான ஓ.டி. வரம்பும் முடிந்துவிடும். அது ஆடியில் வந்து விழாதபடி, பொங்கலுக்குப் பின் முதிருமாறு காலத்தைத் தேர்ந்தெடுத்து, புதுப்பிக்கும் படிவத்தை ஒரு வாரம் முன்னதாகவே கிளையில் கொடுத்துவிடுகிறேன்.